தளர்ந்துபோன றக்பிக் கழகத்தை அடுத்த பருவத்துக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி: வன்னிக் கழகங்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்ற பருவத்தின் கடைசிப் போட்டியன்று எங்கள் கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் 41 பேர் இருந்தார்கள். காலை ஆறு மணிக்குக் கிளிநொச்சியிலிருந்து புறப்படவிருந்த வாகனத்தடிக்கு வந்தவர்கள் 11 பேர். பதினைவர் ஆட்டத்துக்குப் பதினொரு பேருடன் போய் நிற்க முடியாது என்பதால் போட்டியை எதிரணிக்கு விட்டுக்கொடுத்தோம். பையைத் தோளில் போட்டபடி நின்ற அந்தப் பதினொரு பேரின் முகங்கள் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. வன்னியில் றக்பிக் கழகம் ஒன்றை நடத்துபவரோ, நடத்திக் கைவிட்டவரோ இதைப் படித்தால் அவரிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்த பருவத்தில் பதினைவர் அணியை இறக்கும் எண்ணத்தை ஒத்திவையுங்கள், எழுவர் அணி ஒன்றைத் திரட்டுங்கள், ஊரிலேயே இருக்கக்கூடிய பயிற்றுநர் ஒருவரை உருவாக்குங்கள். சீருடை, அனுசரணை, கிண்ணம் எல்லாம் அதற்குப் பின்னர்தான்.

எழுவர் ஆட்டம் தரம் குறைந்தது என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. 2016 இல் ரியோ டி ஜெனீரோவில் றக்பி ஒலிம்பிக்குக்குத் திரும்பியபோது திரும்பியது இந்த எழுவர் ஆட்டமே. பாதிக்கு 7 நிமிடங்கள்தான் என்றாலும் மைதானம் பதினைவர் ஆட்டத்தின் முழு அளவிலேயே இருப்பதால், மூச்சுப் பயிற்சி இல்லாதவர் இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடுவார். ஸ்க்ரம்மில், அதாவது இரு அணியினரும் குனிந்து பிணைந்து எதிரெதிரே தள்ளும் நிலையில், ஓர் அணிக்கு மூவர் மட்டுமே இறங்குகிறார்கள். தவறாமல் வரும் பன்னிரண்டு பேர் இருந்தால் அணி அமைந்துவிடும்.

பதினைவர் ஆட்டத்தில் நிலைமை வேறு. ஸ்க்ரம்மின் முன்வரிசையில் நிற்கப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் அணியில் இருக்க வேண்டும் என்பதை ஆட்ட விதியே வகுத்திருக்கிறது: மொத்தம் 15 பேர் என்றால் மூவர், 16 முதல் 18 வரை நால்வர், 19 முதல் 22 வரை ஐவர், 23 என்றால் அறுவர். இது தாளில் நிரப்பும் கணக்கு அன்று. பயிற்சியில்லாத ஒருவரை எண்ணிக்கைக்காக முன்வரிசையில் நிறுத்தினால், எட்டுப் பேரின் தள்ளுவிசை அவருடைய கழுத்திலும் முள்ளந்தண்டிலும் வந்து இறங்குகிறது. ஆள் இல்லாத கழகம் பதினைவர் ஆட்டத்துக்குப் போகக் கூடாது என்று நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்கு முதற் காரணம் இதுவே.

ஆளெண்ணும் வேலையை வட்ஸ்அப்பில் செய்யாதீர்கள். ஒரு கொப்பியை எடுத்து, சென்ற ஆண்டு விளையாடிய ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி, வீட்டுக்கு நேரில் போய்க் கேளுங்கள். வெளிநாடு போக ஆயத்தமாகிறவர், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர், ஆடைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர், உயர்தரப் பரீட்சை எழுதவிருப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நிலைமை இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், கோபிக்க வேண்டாம். இரவு வேலை செய்பவர் வாரத்தில் ஒரு நாளே வர முடியும் என்றால் அந்த ஒரு நாளை உறுதியாகக் கேட்டு வாங்குங்கள். "வருவன் அண்ணை" என்று மட்டும் சொல்பவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது காலம். கொழும்பிலும் கண்டியிலும் வகுக்கப்படும் அட்டவணையைப் பார்த்து வன்னியில் பயிற்சி தொடங்கினால் பாதிப் பேர் வயலில் நிற்பார்கள். காலபோக விதைப்பு புரட்டாதி, ஐப்பசியில் நடக்கிறது. தொடர்ந்து மார்கழி வரை வடகீழ்ப் பருவமழையில் மைதானம் சேறாகிவிடும். தை, மாசியில் அறுவடை. ஆகவே அறுவடை முடிந்த கையோடு, மாசிக் கடைசியில் பயிற்சியைத் தொடங்குவதே பொருத்தம். இரணைமடுக் குளத்து நீரை நம்பிச் சிறுபோகம் செய்யும் குடும்பங்கள் உங்கள் அணியில் இருந்தால், அந்த ஆண்டு எவ்வளவு காணி விதைக்கப்படும் என்பதைச் சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டம் முடிந்ததும் கமக்காரர் அமைப்பில் கேட்டறியுங்கள். யாருக்கு எந்த மாதம் ஓய்வு என்பது அதிலிருந்து தெரியும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வரும் வைகாசி வாரத்திலும், மடுத் திருவிழா நடக்கும் ஜூலை 2, ஆகஸ்ட் 15 ஆகிய நாள்களையொட்டியும் போட்டி எதையும் ஏற்க வேண்டாம். கோடையில் மாலை ஐந்து மணிக்கு முன்னர் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. தண்ணீர்ப் பீப்பா மைதானத்துக்கு வராமல் பந்தும் வரக் கூடாது.

பயிற்றுநர் விடயத்தில்தான் பெரும்பாலான கழகங்கள் பிழை விடுகின்றன, நாங்களும் விட்டோம். தெற்கில் பெயர் பெற்ற ஒருவரை அழைத்துவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினோம். ஏ-9 வீதி தொடங்குவதே றக்பிக்குப் பேர்போன கண்டியில்தான். ஆனாலும் அந்த வீதியில் வாராவாரம் ஏறி வந்துபோக யாராலும் இயலாது. வந்தவர் நல்லவர், திறமையானவர். ஆனால் அவர் வராத வாரங்களில் பயிற்சியே நடக்கவில்லை. அவர் சிங்களத்தில் சொன்னதை ஒருவர் தமிழாக்க, அதை இன்னொருவர் வேறு விதமாக விளங்கிக்கொள்ள, டக்கிள் செய்யும்போது, அதாவது பந்துடன் ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும்போது, தலையை எந்தப் பக்கம் வைப்பது என்ற உயிர் போகும் விடயம்கூடக் குழம்பிப்போனது.

எனவே ஊரில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரையோ, கபடியிலோ உதைபந்தாட்டத்திலோ ஆடி ஓய்ந்து இன்னும் மைதானத்துக்கு வந்துபோகும் ஒருவரையோ தேர்ந்தெடுங்கள். றக்பி தெரியாதே என்று அவர் தயங்குவார். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளலாம், பெடியளை மாலையில் ஒன்றுசேர்க்கும் கையைக் கற்றுக்கொடுக்க முடியாது. உலக றக்பிச் சம்மேளனம் ஆட்டப் பாதுகாப்பு, தலை அதிர்ச்சி ஆகியவை பற்றிய பாடங்களை இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. அவற்றை முடித்த பின்னர், முதலாம் நிலைப் பயிற்றுநர் பாடநெறி எங்கே நடக்கிறது என்று விசாரித்து அவரைக் கழகச் செலவில் அனுப்புங்கள். ஆசிரியருக்கு இடமாற்றம் வரக்கூடும் என்பதால் இருவரை அனுப்புவதே புத்தி. வெளியூர்ப் பயிற்றுநரை விட்டுவிட வேண்டியதில்லை; அவர் மாதத்துக்கு ஒரு சனி, ஞாயிறு வந்து உள்ளூர்ப் பயிற்றுநருக்குக் கற்பிக்கட்டும், உள்ளூர்ப் பயிற்றுநர் மற்ற நாள்களில் வீரர்களுக்குக் கற்பிக்கட்டும். களத்தில் கூவும் கட்டளைகள் எல்லாம் தமிழில் இருக்கட்டும். பாதுகாப்புப் படையைச் சேர்ந்த றக்பி வீரர் எவரேனும் பயிற்சி தர முன்வந்தால், பெற்றோரைக் கூட்டிக் கேட்காமல் பதில் சொல்ல வேண்டாம். சில வீடுகளில் அந்தக் கேள்விக்கு இன்னும் எளிதான விடை இல்லை. அந்த வீடுகளின் பிள்ளைகளும் நம் அணியினர்தான்.

ஆள் சேர்ப்பதில், பக்கத்து ஊர்க் கழகத்தின் சிறந்த உதைபந்தாட்ட வீரரை இழுத்துவருவது பகையில் முடியும். அந்தக் கழகத் தலைவரிடம் நேரே போய், அவர்களுடைய சுற்றுப்போட்டி நாள்களில் நாங்கள் குறுக்கிட மாட்டோம், எங்கள் பயிற்சி செவ்வாயும் வியாழனும்தான் என்று சொல்லிக் கேட்டால், பெரும்பாலும் அவர்களே இரண்டு பேரை அனுப்புவார்கள்.

எனினும் வன்னியில் றக்பிக்கு உண்மையான விளைநிலம் கபடிதான். ஓர் அணிக்கு ஏழு பேர், மோதலுக்கு அஞ்சாத உடல், எதிரியின் இடுப்பையும் தொடையையும் பார்த்துப் பாயும் கண் ஆகியவை அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. டக்கிள் தோள்மட்டத்துக்கு மேலே போகக் கூடாது என்ற விதி கபடி வீரருக்குப் புதிதாகவே தோன்றாது. அவர்களிடம் மாற்ற வேண்டியது ஒரு பழக்கம்: கபடியில் பிடித்தவரை விடக் கூடாது, றக்பியில் அவர் நிலத்தில் விழுந்ததும் விட்டுவிட்டு உருண்டு விலக வேண்டும். எங்கள் பெடியளுக்கு இது பழக ஆறு வாரம் பிடித்தது. அதுவரை ஒவ்வொரு பயிற்சி ஆட்டத்திலும் தண்ட உதைகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். உதைபந்தாட்டக்காரர் நன்றாக உதைப்பார், இடைவெளியைக் காண்பார். ஆனால் பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாத இந்த ஆட்டத்தில், கையில் பந்து வந்ததும் முன்னோக்கி எறிந்துவிடுவார். அவரைப் பின்னால் பார்க்கப் பழக்குவதற்கு, நடந்துகொண்டே பந்தைக் கைமாற்றும் பயிற்சியை ஒவ்வொரு பயிற்சி நாளிலும் பத்து நிமிடம் செய்யுங்கள். கரப்பந்தாட்டத்தில் உயரப் பாய்பவரை லைன் அவுட்டுக்கு, அதாவது பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்து உள்ளே எறியப்படும்போது எழுந்து பிடிப்பதற்கு, வைத்துக்கொள்ளுங்கள். கயிறிழுத்தலில் நிற்பவர்களுக்கும், முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பவர்களுக்கும் காலில் இருக்கும் பலம் ஸ்க்ரம்முக்கு ஏற்றது. ஆனால் அவர்கள் பின்னோக்கிச் சாய்ந்து இழுத்துப் பழகியவர்கள். முதுகை நேராக வைத்து முன்னோக்கித் தள்ளுவதற்கு முதலில் தனித்தனியாகவும், பிறகு இருவர் இருவராகவும் பழக்கிய பின்னரே ஸ்க்ரம் கட்ட விட வேண்டும். 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரம்மை 1.5 மீற்றருக்கு மேல் தள்ளக் கூடாது என்ற விதியைப் பாடசாலை மாணவர்களுடன் பயிற்சி செய்யும்போதும் கைக்கொள்ளுங்கள். வலைப்பந்தாட்டம் ஆடும் பெண் பிள்ளைகளின் கைகள் பந்து பிடிப்பதில் நம் பையன்களின் கைகளைவிடத் தேர்ந்தவை. ஆசிரியை ஒருவர் பொறுப்பேற்றால், மோதலில்லாத டச் றக்பியில் அவர்களுக்கென்று ஓர் அணியை இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.

புதிய வீரரைச் சேர்க்கும்போது உண்மையில் நீங்கள் சம்மதிக்க வைக்க வேண்டியவர் அவருடைய தாயார். "தம்பி, இவன்ரை கை கால் முறிஞ்சா ஆர் பாக்கிறது?" என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் எந்த வீட்டுப் படியிலும் ஏறாதீர்கள். முதலுதவி தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பயிற்சிக்கும் வருவார், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமில்லாமல் அம்புலன்ஸ் வரும், தலையில் அடிபட்டவர் அன்று மீண்டும் களத்தில் இறங்க மாட்டார், மருத்துவச் செலவுக்குக் கழகம் இவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். இன்னொன்றையும் தனிமையில் கேட்க வேண்டும். 2009 இல் போர் முடிந்தபோது குழந்தைகளாக இருந்தவர்களே இன்று நம் அணிகளில் ஆடும் வயதினர். உடலில் எறிகணைத் (செல்) துண்டு இன்னும் இருக்கும் வீரரை மருத்துவரிடம் காட்டி, மோதல் ஆட்டத்துக்கு மருத்துவர் இசைவு தந்த பின்னரே சேர்த்துக்கொள்ளுங்கள். இசைவு கிடைக்காத வீரரைக் கழகத்தை விட்டு அனுப்பிவிட வேண்டாம். எங்கள் கழகத்தில் அப்படிப்பட்ட ஒருவர்தான் இன்று நடுவராகப் பயில்கிறார், விதிகளில் எங்களுக்கு வரும் ஐயங்களை எல்லாம் தீர்த்துவைப்பவரும் அவரே.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழகம் பிரதேச செயலகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று விளையாட்டு உத்தியோகத்தரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். பதிவில்லாமல் எந்த உதவியையும் கேட்க முடியாது. புலம்பெயர்ந்த உறவுகள் உதவ முன்வந்தால் பெயர் பொறித்த சீருடை அனுப்பவே விரும்புவார்கள். நன்றி சொல்லி, அதற்கு முன்னர் வாய்க்காப்பு, முதலுதவிப் பெட்டி, மூவருக்கு ஒன்றாகப் பந்துகள், பயிற்றுநர் பாடநெறிக்கான செலவு, போட்டிக்குப் போக வாகனக் கூலி என்று இந்த ஒழுங்கில் கேளுங்கள். கணக்கை ஒவ்வொரு மாதமும் சனசமூக நிலையத்தின் பலகையில் ஒட்டுங்கள்.

இவ்வளவும் செய்த பின்னர், ஆவணி முடிவில் அதே கொப்பியைத் திறந்து வரவுப் பதிவைப் பாருங்கள். கடைசி எட்டு வாரங்களில் பாதிக்கு மேற்பட்ட பயிற்சிகளுக்கு வந்தவர்கள் 22 பேராவது இருந்து, அவர்களில் ஐவர் முன்வரிசையில் நிற்க ஆயத்தமானவர்கள் என்று உங்கள் பயிற்றுநர் எழுதிக் கையெழுத்திட்டால், அதற்கடுத்த பருவத்தில் பதினைவர் ஆட்டத்துக்குப் பெயர் கொடுங்கள். 21 என்றால் கொடுக்க வேண்டாம்.