ஸ்டியரிங் உதறினால்: டிஸ்க் மாற்றுவதும் பாட் தெரிவு செய்வதும்

பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் கையில் உதறுகிறது, பெடலும் காலுக்கடியில் துள்ளுகிறது என்றால் முன்சில்லு டிஸ்க்கைத்தான் (சில்லோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு) முதலில் சந்தேகப்பட வேண்டும். பிரேக்கில் கால் வைக்காமலேயே வேகமாகப் போகும்போது உதறினால் அது வீல் பலன்ஸ் பிரச்சினை. ஸ்டியரிங் அசையாமல், ஆசனத்தில் மட்டும் அதிர்வு தெரிந்தால் பின்சில்லுப் பக்கம் பாருங்கள். சடுதியாக அழுத்தும்போது மட்டும் பெடல் 'கடகட' என்று உதைத்தால் சில்லு பூட்டி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது, அதில் பிழை ஒன்றுமில்லை.

என் ரொயோட்டா ஆக்சியோ காருக்கு ஒரு கராஜில் புது டிஸ்க் போட்டேன். கொஞ்ச மாதத்திலேயே உதறல் திரும்பி வந்துவிட்டது. "தம்பி, சாமான் சரியில்லை, வேற சோடி போடுவம்" என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து நானே கழற்றினேன். டிஸ்க்கில் குறையில்லை. அதற்குப் பின்னால் ஹப்பின் (டிஸ்க்கும் சில்லும் பூட்டுப்படும் நடுப்பகுதி) முகத்தில் கறள் பொருக்குப் பொருக்காக இருந்தது. அதைத் துடைக்காமல் அதன்மேலேயே புது டிஸ்க்கைப் பொருத்தியிருந்தார்கள். இந்தப் பதிவை எழுதுவதே அந்தக் கறளுக்காகத்தான்.

"டிஸ்க் வளைஞ்சு போச்சு" என்று எல்லோரும் சொல்வோம். உண்மையில் வார்ப்பிரும்பு டிஸ்க் அப்படி இலகுவில் வளைவதில்லை. அனேகமாக நடப்பது தடிப்பு வித்தியாசம். ஹப்பில் கறள் இருந்தால் டிஸ்க் ஒரு இம்மி சரிந்து உட்காரும். அடுப்புக்கல் ஒன்று கொஞ்சம் உயர்ந்தாலும் பானை சரிகிற மாதிரி. சரிவு ஹப்பில் சிறிதாக இருந்தாலும் டிஸ்க்கின் வெளிவிளிம்புக்குப் போகும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. பிறகு பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒரே இடம் பிரேக் பாட்டில் (டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) உரசும். சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் அந்த இடம் தேய்ந்து மெலியும், அல்லது பாட்டின் பொருள் அங்கங்கே படிந்துவிடும். உதறல் அப்போதுதான் தொடங்கும். புது டிஸ்க் போட்ட அன்று எல்லாம் நன்றாக இருப்பதும், குற்றம் கடைசியில் டிஸ்க்கின் தலையில் விழுவதும் இதனால்தான். 0.02 மில்லிமீற்றர் தடிப்பு வித்தியாசமே காலுக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் இது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் தினமும் போய்வருகிற வாகனத்தைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்று அந்த இடுக்கில் என்ன செய்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

லேத்தில் பிடித்துச் சீவலாமா?

சீவலாம், தடிப்பு மிச்சமிருந்தால். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுத் தொப்பியிலோ ஆகக்குறைந்த தடிப்பு எவ்வளவு என்று அடித்திருக்கும். வேர்னியர் பிடித்து அளக்கும்போது வெளிவிளிம்பில் தேயாமல் நிற்கும் வரம்பைச் சேர்த்து அளக்காதீர்கள், பாட் உரசுகிற இடத்தைத்தான் அளக்க வேண்டும். சீவிய பிறகும் அந்த அளவுக்கு மேலே இருக்க வேண்டும். எல்லைக்குக் கிட்ட வந்த டிஸ்க்கைச் சீவுவதை நான் விரும்புவதில்லை. மெலிந்த டிஸ்க் வெப்பத்தைத் தாங்காது. எதுவானாலும் இரண்டு பக்கமும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும், பாட்டும் அப்படித்தான்.

எந்த பாட்?

ஓர்கானிக் பாட் மென்மையானது, சத்தமில்லாதது, டிஸ்க்கைத் தின்னாது. ஆனால் கெதியாகத் தேயும், நீளமான இறக்கத்தில் சூடேறினால் பிடி குறையும். செமி மெற்றாலிக் பாட் சூட்டைத் தாங்கும், பாரத்துக்கு நல்லது. சத்தம் கூட, டிஸ்க்கையும் தேய்க்கும், சில்லெல்லாம் கறுப்புத் தூசியாகும். செராமிக் பாட் தூசி குறைவு, சத்தம் குறைவு, விலை கூட.

யாழ்ப்பாணம் மட்டமான நிலம். கோண்டாவிலுக்கும் டவுனுக்கும் நெல்லியடிக்கும் ஓடுகிற காருக்கு நல்ல ஓர்கானிக் அல்லது செராமிக் பாட் தாராளமாகப் போதும். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏ9 வழியாகக் கொழும்புக்கும் மலையகத்துக்கும் போகிற ஹையேஸ் வான் வைத்திருப்பவர்கள் செமி மெற்றாலிக் போடுங்கள். நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்கினால் எந்தப் பாட்டும் கூடக்காலம் உழைக்கும்.

பாட்டின் முதுகில் அல்லது ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து அடித்திருக்கும். முதல் எழுத்து குளிரில் உள்ள பிடி, இரண்டாவது சூட்டில் உள்ள பிடி. இ (E) என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. சாதாரணக் காருக்கு எஃப்எஃப் நல்ல தெரிவு. இந்த எழுத்துகள் தரத்தையோ உழைக்கிற காலத்தையோ சொல்லாது, பிடியை மட்டும்தான் சொல்லும். நான் அக்கெபோனோ, நிசின்போ மாதிரியான ஜப்பான் பாட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கத் தயார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் என்றாலும் இங்கே டவுனில் என்றாலும், பெட்டியைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். பாட்டைக் கையில் எடுத்து, ஓரம் உதிர்கிறதா, இரும்புத் தகட்டோடு ஒட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கழற்றுதல்

ஹான்ட்பிரேக் போட்டு, பின்சில்லுக்குக் கட்டை வையுங்கள். சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிடுங்கள். முற்றம் மணலென்றால் ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடிப்பான பலகை வேண்டும். ஸ்டாண்டுக்குப் பதிலாகச் சீமெந்துக் கல் வைக்கவே கூடாது. அது வெடிக்கும்போது முன்கூட்டிச் சொல்லாது.

சில்லைக் கழற்றியதும், கலிப்பரின் (பாட்டை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) பின்பக்கம் உங்களைப் பார்க்கிற மாதிரி ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். கலிப்பரைப் பிடிக்கிற இரண்டு சிறிய போல்ட்டையும் கழற்றி, கலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்க விடுங்கள். பிரேக் ஒயில் ஹோசில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும். பாட்டுகளை எடுத்தபின் கலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளைக் கழற்றுங்கள். அவை நல்ல இறுக்கமாக இருக்கும், நீளமான கைபிடி வேண்டும். சிறிய ஸ்பானரைச் சுத்தியலால் தட்டினால் போல்ட்டின் தலைதான் வழுக்கும்.

டிஸ்க் கறளில் ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடிக்கும். ரொயோட்டா டிஸ்க்குகளில் அனேகமாக மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கும். எம்8 போல்ட் இரண்டை அவற்றில் மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் தானாகத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சுத்தியலால் அடித்தால் பெயரிங் பாதிக்கப்படும்.

ஹப்பைத் துடைத்தல்

அவசரப்படாதீர்கள். இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கம்பி பிரஷ்ஷால் முகம் முழுவதையும் உரஞ்சுங்கள். பிறகு சில்லு நட்டு பூட்டுகிற ஒவ்வொரு ஸ்டட்டின் அடியையும் சுற்றி, சாண்ட் பேப்பரை விரலில் மடித்துச் சுழற்றித் தேயுங்கள். கறள் தங்குவது அந்த வளையத்தில்தான், பிரஷ் அங்கே எட்டாது. நடுவிலுள்ள குமிழைச் சுற்றிய மூலையையும் விடாதீர்கள். துணியால் துடைத்துவிட்டு விரல் நுனியை மெல்ல ஓட்டுங்கள். எங்காவது நெருடினால் திரும்பத் தேயுங்கள். கிறீஸ் அப்பாதீர்கள், சுத்தமான இரும்பில்தான் டிஸ்க் உட்கார வேண்டும்.

புது டிஸ்க்கில் கறள் பிடிக்காமல் எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் இரண்டு பக்கமும் கழுவுங்கள். டிஸ்க்கை வைத்து நட்டுகளை வாஷரோடு இறுக்கி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) இருந்தால் வெளிவிளிம்புக்குக் கிட்ட வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஆட்டம் 0.05 மில்லிமீற்றருக்குள் இருந்தால் நல்லது. கூடினால் டிஸ்க்கைக் கழற்றி அடுத்த துளைக்குத் திருப்பிப் போட்டு அளந்து பாருங்கள். பல தடவை அதுவே சரியாக்கிவிடும். டயல் கேஜ் வாங்குவது வீண்செலவு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பூட்டுதல்

கலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவும் ஸ்லைட் பின்கள் கையால் இழுக்க வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இறுகியிருந்தால் ஒரு பாட் மட்டும் தேயும். சிலிக்கோன் கிறீஸ் மட்டுமே போடுங்கள், சாதாரண கிறீஸ் ரப்பரை ஊத வைக்கும். ஒரு பின்னில் ரப்பர் உறை இருந்தால் அது மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று பார்த்து அதே இடத்தில் போடுங்கள்.

கலிப்பருக்குள் இருந்து பாட்டை அழுத்தும் பிஸ்டனைத் தள்ளுமுன் பிரேக் ஒயில் டாங்கியைப் பாருங்கள். நிறைந்திருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் எடுங்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய பாட்டைப் பிஸ்டனுக்கு முன்னால் வைத்து சி கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள்.

சில்லு நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று தடவையாக, டோர்க் றெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள். ரொயோட்டாவின் சிறிய கார்களுக்கு அனேகமாக 103 நியூட்டன் மீற்றர். மற்றவர்கள் கையேட்டைப் பாருங்கள். ரயர் கடையில் எயார் கன்னால் ஒரு பக்கமாக அடித்து இறுக்கினால் நீங்கள் ஹப்பில் பட்ட பாடு முழுவதும் வீணாகும். "கையால இறுக்குங்கோ அண்ணை" என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கார் நகருமுன் பெடல் கடினமாகும் வரை பல தடவை மிதியுங்கள். முதல் மிதிகளில் பெடல் அடிவரை போகும். மிதிக்காமல் கேற்றைத் தாண்டினால் பிரேக் இல்லை.

பிறகு பாட்டைப் பழக்க வேண்டும். நான் விடியற்காலையில் வல்லைவெளிக்குப் போவேன். வீதி காலியாக இருக்கும், ஆனாலும் கட்டாக்காலி மாடுகளைக் கவனியுங்கள். மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 10 வரை நடுத்தரமாக அழுத்திக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். எட்டுப் பத்துத் தடவை செய்தபின் பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓடி ஆறவிடுங்கள். சூட்டோடு நிறுத்தி பெடலை அழுத்திப் பிடித்தால் பாட்டின் அச்சு டிஸ்க்கில் படிந்துவிடும்.

பின்சேர்க்கை: அக்குவா, பிரியஸ் வைத்திருப்பவர்கள் கேட்டதால் சேர்க்கிறேன். இந்த ஹைபிரிட் கார்களில் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் வேலை செய்யக்கூடும். கலிப்பர் கழற்றியிருக்கும்போது அப்படி நடந்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்படும். திறப்பைத் தூர வையுங்கள், கொஞ்ச நேரம் பொறுத்து 12 வோல்ட் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள், பிள்ளைகளைக் கதவுப்பக்கம் விடாதீர்கள். இந்தக் கார்களில் வேகத்தைக் குறைப்பதில் பெரும்பகுதியை மோட்டார் செய்வதால் பாட் நீண்டகாலம் உழைக்கும், டிஸ்க்கோ பாவனையில்லாமல் கறள் பிடிக்கும். கிழமைக்கு ஒருதடவையாவது ஆளில்லாத இடத்தில் கொஞ்சம் பலமாகப் பிரேக் பிடியுங்கள்.

இன்னொருவர் சில்லு நட்டுகளைத் திரும்ப இறுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். ஆம், 100 கிலோமீற்றர் அளவில் ஓடியபின், டிஸ்க் ஆறியிருக்கும்போது, அதே டோர்க் றெஞ்சால்.