அமெரிக்காவில் ஃப்ளூ மாத்திரை வாங்குவது எப்படி: இன்ஷூரன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும்

சென்ற ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஊரிலிருந்து வந்து நியூ ஜெர்சியில் எங்களோடு தங்கியிருந்த அம்மாவுக்கு மத்தியானம் திடீரென்று குளிர் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலி. அம்மாவுக்கு வயது 68, சர்க்கரையும் உண்டு. அர்ஜென்ட் கேரில், அதாவது முன்பதிவு இல்லாமல் போகும் கிளினிக்கில், மூக்கில் குச்சி விட்டுச் சோதித்து, ஃப்ளூதான் என்று சொல்லி ஒசெல்டமிவிர் என்ற மாத்திரையை எழுதினார்கள். பக்கத்து ஃபார்மசிக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்து 128 டாலர் என்றார். சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்ற அம்மா அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார். "வேண்டாம்ப்பா. நிலவேம்பு வச்சுக் குடிச்சுக்கறேன், வா போகலாம்."

வாங்காமல் திரும்பிவிட்டோம். மறுநாள் காலை அதே மாத்திரையை, அதே பத்து காப்ஸ்யூலை, இரண்டு மைல் தள்ளி இன்னொரு கடையில் 31 டாலருக்கு வாங்கினேன். இடையில் பதினான்கு மணி நேரம் போய்விட்டது. அந்த இரவு முழுக்க அம்மா அனத்திக்கொண்டே இருந்தார். உங்கள் வீட்டில் அந்தப் பதினான்கு மணி நேரம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். கவுண்டரில் முதலில் சொல்லும் விலைதான் அந்த மாத்திரையின் விலை என்று நினைத்து ஏமாந்து திரும்பாதீர்கள்.

படி 1: நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஃப்ளூ வைரஸ் மாத்திரைகள் அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் காய்ச்சல் எப்போது தொடங்கியது என்பதைப் போனில் எழுதி வையுங்கள். டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்பார். 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் சோதனை முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல் டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. இவர்களுக்கு 48 மணி நேரம் கடந்தாலும் டாக்டர் மருந்து தருவதுண்டு. "நேரமாகிவிட்டதே" என்று நீங்களாகவே விட்டுவிடாதீர்கள்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு இருந்தால் விலை பார்க்கும் வேலையே வேண்டாம், நேராக எமர்ஜென்சிதான். அதெல்லாம் இல்லாவிட்டால் எமர்ஜென்சியைத் தவிருங்கள். அங்கே வரும் பில்லோடு ஒப்பிட்டால் மாத்திரை விலை ஒன்றுமே இல்லை. குடும்ப டாக்டர், அர்ஜென்ட் கேர், வீடியோ கால் டாக்டர், இந்த மூன்றில் ஒன்று போதும். சில மாநிலங்களில் ஃபார்மசிஸ்டே சோதித்து மாத்திரை தரலாம், ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள்.

படி 2: டாக்டர் அறையை விட்டு வருவதற்கு முன்

பணம் மிச்சமாகும் இடம் உண்மையில் இதுதான். கடைக்குப் போய்ப் பேசுவதைவிட இங்கே இரண்டு நிமிடம் பேசுவது மேல்.

முதலில் எந்த மருந்து என்று கேளுங்கள். அதிகம் எழுதுவது இரண்டைத்தான். ஒன்று ஒசெல்டமிவிர். 2009இல் பன்றிக் காய்ச்சல் சமயத்தில் ஊரில் எல்லோர் வாயிலும் அடிபட்ட டாமிஃப்ளூ இதுதான். பெரியவர்களுக்கு வழக்கமாக 75 மில்லிகிராம் காப்ஸ்யூல், ஒரு நாளைக்கு இரண்டு, ஐந்து நாள். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் அளவு குறையும், அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இதற்கு 2016லிருந்தே ஜெனரிக், அதாவது பிராண்டு பெயர் இல்லாமல் வரும் அதே மருந்து, இருக்கிறது. இன்னொன்று ஸோஃப்ளூசா, 2018இல் அனுமதி பெற்றது. ஒரே ஒரு வேளை சாப்பிட்டால் போதும், ஆனால் பிராண்டு மருந்தாக மட்டுமே வருவதால் விலை கூடுதல். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை. பால், தயிர், ஆன்டாசிட் ஆகியவற்றோடு சேர்த்துச் சாப்பிடவும் கூடாது. காய்ச்சல் என்றாலே தயிர் சாதம் கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கையிலிருந்து பணம் கட்டுபவர் என்றால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: "நாங்கள் இன்ஷூரன்ஸ் இல்லாமல் வாங்கப் போகிறோம், ஜெனரிக் ஒசெல்டமிவிர் போதுமா?" இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவர்கள் தினமும் கேட்கும் கேள்விதான் இது.

அப்புறம், "எந்த ஃபார்மசிக்கு அனுப்பட்டும்?" என்று கேட்பார்கள். அவசரத்தில் பக்கத்தில் இருக்கும் கடையைச் சொல்லிவிடுவோம். நான் செய்த தவறும் இதுதான். "ஐந்து நிமிடம் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு, படி 4இல் சொல்லியிருப்பது போல விலையைப் பார்த்து, மலிவான கடையின் பெயரைச் சொல்லுங்கள். அந்தக் கடைக்குப் போன் செய்து, மருந்து கையிருப்பில் இருக்கிறதா, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்றும் கேட்டுவிடுங்கள். ஃப்ளூ உச்சத்தில் இருக்கும் வாரங்களில் மருந்து தீர்ந்துபோகும்.

வீட்டில் இன்னொருவருக்கும் காய்ச்சல் என்றால் அவர் பெயரில் தனிப் பிரிஸ்கிரிப்ஷன் வேண்டும். ஒருவரின் பத்து காப்ஸ்யூலை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது.

படி 3: இன்ஷூரன்ஸ் இருந்தால்

அட்டையை எடுத்துப் பாருங்கள். மருந்துக்கென்று பின் (BIN), பிசிஎன் (PCN), குரூப் (Group) என்று சில எண்கள் இருக்கும். சில கம்பெனிகள் மருந்துக்குத் தனி அட்டையே தருவார்கள், அது இன்னும் பிரிக்காத கவரில் மேஜை இழுப்பறையில் கிடக்கும். தேடி எடுத்துப் போட்டோ பிடித்து வையுங்கள். ஃபார்மசிக்கு வேண்டியது இந்த எண்கள்தான்.

இப்போது இரண்டு சொற்கள். கோபே என்றால் மருந்துக்கு இவ்வளவு என்று நீங்கள் கட்டும் நிலையான தொகை. டிடக்டிபிள் என்றால், இன்ஷூரன்ஸ் தன் பங்கைத் தரத் தொடங்குவதற்கு முன் அந்த வருடத்தில் நீங்களே கட்ட வேண்டிய தொகை. பலருடைய திட்டத்தில் ஜெனரிக் மாத்திரைக்குச் சின்ன கோபே மட்டும்தான், வேலை முடிந்தது. ஆனால் மாத பிரீமியம் குறைவு, டிடக்டிபிள் அதிகம் என்கிற வகைத் திட்டம் என்றால், டிடக்டிபிள் முடியும் வரை மருந்தின் முழு விலையும் உங்கள் தலையில்தான். பெரும்பாலான திட்டங்களில் அந்தக் கணக்கு ஜனவரி 1 அன்று மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ஃப்ளூ உச்சத்துக்கு வருவதும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான். "இன்ஷூரன்ஸ் இருந்துமா இவ்வளவு?" என்று ஜனவரியில் நிறைய பேர் திகைப்பதற்குக் காரணம் இது.

அப்படி நேர்ந்தால் ஃபார்மசிஸ்டிடம் நேராகக் கேளுங்கள்: "இன்ஷூரன்ஸ் இல்லாமல் வாங்கினால் விலை எவ்வளவு?" முன்பெல்லாம் சில ஒப்பந்தங்கள் இதை அவர்களாகச் சொல்ல விடாமல் தடுத்தன. 2018 அக்டோபரில் வந்த சட்டங்கள் அந்த வாய்ப்பூட்டை நீக்கிவிட்டன. படி 4இல் சொல்லும் கூப்பன் விலை குறைவாக இருந்தால் இன்ஷூரன்ஸை ஒதுக்கிவிட்டு அதில் வாங்கலாம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த முடியாது. அப்படிக் கட்டும் பணம் பெரும்பாலும் டிடக்டிபிள் கணக்கிலும் சேராது. முப்பது டாலர் விஷயத்தில் அதற்காக நான் கவலைப்பட மாட்டேன்.

ஸோஃப்ளூசா எழுதியிருந்தால், முன் அனுமதி வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் நிறுத்தி வைக்கலாம். அதற்காக நாள் கணக்கில் காத்திருக்காதீர்கள். டாக்டருக்குப் போன் செய்து, ஒசெல்டமிவிராக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். தனியார் இன்ஷூரன்ஸ் உள்ளவர்களுக்குத் தயாரிப்பாளரே கோபே கூப்பன் தருவதுண்டு. மெடிகேர், மெடிகெய்ட் போன்ற அரசுத் திட்டங்களில் இருப்பவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது.

மருத்துவச் செலவுக்காக வரியில்லாமல் பணம் ஒதுக்கி வைக்கும் எச்எஸ்ஏ (HSA), எஃப்எஸ்ஏ (FSA) கணக்கு இருந்தால் அந்த அட்டையிலேயே கட்டலாம். ஆனால் அது உங்களுக்கும் உங்கள் துணைக்கும் வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்தவர்களுக்கும் மட்டும்தான். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோரின் மருந்துக்கு அதைத் தேய்க்க வேண்டாம்.

படி 4: இன்ஷூரன்ஸ் இல்லையென்றால்

குட்ஆர்எக்ஸ், சிங்கிள்கேர் போன்ற கூப்பன் தளங்களில் ஒன்றைத் திறங்கள். இலவசம்தான். மருந்தின் பெயரை ஒசெல்டமிவிர் என்றே தேடுங்கள், பிராண்டு பெயர் போடாதீர்கள். 75 மில்லிகிராம், காப்ஸ்யூல், எண்ணிக்கை 10 என்று சரிபார்த்து உங்கள் ஜிப் கோடு கொடுங்கள். எண்ணிக்கை தானாக வேறாக விழுந்திருந்தால் விலையும் தவறாகக் காட்டும். கடை வாரியாக விலை வரும். ஒரே ஊரில், ஒரே மாத்திரைக்கு, கடைக்குக் கடை மூன்று நான்கு மடங்கு வித்தியாசம் பார்த்திருக்கிறேன். விலை அடிக்கடி மாறும் என்பதால் போன மாதம் நண்பர் சொன்ன கடையை நம்பிப் போகாமல் அன்றைக்கே பாருங்கள்.

கூப்பனைத் திறந்தால் அதிலும் பின், பிசிஎன், குரூப், மெம்பர் ஐடி என்று நான்கு வரி இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கவுண்டரில் காட்டி, "இந்தக் கூப்பனைப் போட்டுப் பாருங்கள்" என்றால் போதும். அந்தச் சனிக்கிழமை காலை ஃபார்மசிஸ்ட் என் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டே நான்கு எண்களையும் தட்டினார். திரையில் இருந்த விலை மறைந்து 31 என்று வந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. வெள்ளைக் காகிதப் பையில் ரசீதைப் பின் அடித்துக் கையில் கொடுத்தார்.

காஸ்ட்கோ ஃபார்மசியில் மருந்து வாங்க உறுப்பினர் அட்டை தேவையில்லை. வாசலில் "ஃபார்மசிக்கு" என்று சொன்னால் விடுவார்கள். மார்க் கியூபனின் காஸ்ட் ப்ளஸ் போன்ற தபால் ஃபார்மசிகள் மாதாந்திர மாத்திரைக்கு நல்லவை. ஆனால் காய்ச்சல் தொடங்கிய பிறகு தபாலுக்குக் காத்திருந்தால் 48 மணி நேரம் போய்விடும்.

கூப்பன் விலையும் கட்ட முடியாத நிலை என்றால், மத்திய அரசு நிதி பெறும் சமூக சுகாதார மையங்கள் நாடெங்கும் இருக்கின்றன. வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்குவார்கள். பணம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அவர்களுக்கான விதி. பல மையங்களில் மருந்தும் சலுகை விலையில் கிடைக்கும். மாணவர்கள் முதலில் பல்கலைக்கழகச் சுகாதார மையத்துக்குப் போன் செய்யுங்கள்.

படி 5: பெற்றோருக்கு விசிட்டர் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால்

இது வேறு கணக்கு. பெரும்பாலும் மருந்துக்கு முதலில் நீங்கள் பணம் கட்டிவிட்டு, பிறகு கிளெய்ம் செய்ய வேண்டும். அதனால் கிரெடிட் கார்டு ரசீது மட்டும் போதாது. மருந்தின் பெயர், அளவு, நோயாளியின் பெயர், எழுதிய டாக்டரின் பெயர் எல்லாம் உள்ள ஃபார்மசி ரசீது வேண்டும். அது பையோடு ஒட்டி வரும், பையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அர்ஜென்ட் கேரில் ஃப்ளூ என்று எழுதிய விசிட் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே இருந்த நோய்களை இந்தத் திட்டங்கள் ஏற்பதில்லை அல்லது ஓரளவுதான் ஏற்கின்றன. ஃப்ளூ புதிதாக வந்த நோய். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதைக் காட்டி, முதலில் கூடுதல் விவரம் கேட்டுக் கடிதம் வந்தது. ஃப்ளூ சோதனை முடிவை இணைத்து அனுப்பிய பிறகு ஏற்றுக்கொண்டார்கள். டிடக்டிபிள் போகக் கைக்கு வந்தது கொஞ்சம்தான். கிளெய்ம் அனுப்பக் கடைசி நாள் எது என்று பாலிசியில் பார்த்துக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

பெற்றோர் கிரீன் கார்டில் இருந்து, 65 வயதும் தொடர்ந்து ஐந்து வருட வசிப்பும் முடிந்திருந்தால், பிரீமியம் கட்டி மெடிகேரில் சேரலாம். அதில் மருந்துக்கானது பகுதி டி (Part D).

குழந்தைகளுக்கு

ஒசெல்டமிவிரிலேயே திரவ மருந்து உண்டு, ஆனால் காப்ஸ்யூலைவிட விலை கூடுதலாகவும் சீக்கிரம் தீர்ந்துபோவதாகவும் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். 30, 45 மில்லிகிராம் காப்ஸ்யூல்களும் இருக்கின்றன. குழந்தையின் எடைக்கு அது பொருந்துமா, பிரித்துச் சாக்லேட் சிரப் போன்ற இனிப்பில் கலந்து கொடுக்கலாமா என்று டாக்டரிடமோ ஃபார்மசிஸ்டிடமோ கேளுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரலாம், ஏதாவது சாப்பிட வைத்துக் கொடுங்கள்.

கவுண்டரில் நின்றுகொண்டிருக்கிறீர்கள், விலை அதிகம் என்கிறார்கள்

நகராதீர்கள். "இது ஜெனரிக்தானா?" என்று கேளுங்கள். "இன்ஷூரன்ஸ் இல்லாமல் எவ்வளவு?" என்று கேளுங்கள். கூப்பனைக் காட்டுங்கள். அதற்கும் குறையவில்லை என்றால், வேறு கடையில் விலை பார்த்து, "இந்தப் பிரிஸ்கிரிப்ஷனை அங்கே மாற்றித் தருகிறீர்களா?" என்று கேளுங்கள். அது இழுக்கும் போலத் தெரிந்தால் டாக்டர் ஆபீஸுக்குப் போன் போட்டுப் புதுக் கடைக்கு மறுபடி அனுப்பச் சொல்வது வேகம். கூட நிற்கும் அம்மா அப்பாவைக் காரில் உட்கார வைத்துவிட்டு வருவதும் ஒரு வழிதான். விலையைக் கேட்டால் அவர்கள் வேண்டாம் என்பார்கள், நமக்கும் அந்த நேரத்தில் மனம் தளரும்.

அன்று முதல் காப்ஸ்யூலை இட்லியோடு சாப்பிட்ட அம்மா, மூன்றாம் நாள் தானாக எழுந்து காபி போட்டார். இந்த டிசம்பரில் மறுபடி வருகிறார். வந்த வாரமே ஃப்ளூ ஊசி போட நேரம் வாங்கிவிட்டேன். கூப்பனின் நான்கு வரிகளும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கின்றன, பக்கத்திலேயே ஒன்பது மணி வரை திறந்திருக்கும் ஃபார்மசியின் நம்பரும்.