ஊத்துக்குளியிலிருந்து கோவை: சீசன் டிக்கெட், பந்தி வேலை, படிப்பு மூன்றையும் ஒரே வாரத்தில் அடக்குவது எப்படி?

நான் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது இதைச் சொல்லித்தர ஆள் இல்லை. எங்கள் ஊரிலிருந்து தினமும் கோவைக்குப் போய் வருபவர்கள் உண்டு. முகூர்த்த நாளில் பந்தி பரிமாறப் போகும் பையன்களும் உண்டு. மூன்றையும் சேர்த்துச் செய்யும் அண்ணன்களிடம் கேட்டால், "போகப் போகப் பழகிக்கும் தம்பி" என்பார்கள். எனக்குப் பழக மூன்று செமஸ்டர் ஆனது. அதற்குள் ஒரு அபராதம், போன ஒரு இன்டர்னல் தேர்வு, கைக்கு வராத மூன்று நாள் கூலி. இப்போது பி.காம். மூன்றாம் ஆண்டு. புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு அந்த மூன்று செமஸ்டர் வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

என் வீடு ஊத்துக்குளி ஆர்.எஸ். ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். கல்லூரி பீளமேடு பக்கம். ஈரோடு–கோவை பாதையில் உங்கள் ஊர் விஜயமங்கலமானாலும் சோமனூரானாலும் முறை ஒன்றுதான்.

படி 1: சீசன் டிக்கெட்

வேலை தேடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். போகவர எத்தனை மணி, என்ன செலவு என்பது நிலைப்பட்டால்தான் மற்றதை அதைச் சுற்றி அடுக்க முடியும்.

மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பு சீசன் பாதிக் கட்டணம். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கால் பங்குதான். பொதுப் பிரிவில் 25 வயது வரை இந்தச் சலுகை உண்டு. பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே மாதச் சீசன் இலவசம். என் தங்கச்சி கல்லூரி சேர்ந்து முதல் மாதம் இது தெரியாமல் முழுக் கட்டணம் கட்டினாள். உங்கள் வீட்டில் படிக்கிற பெண் பிள்ளை இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கல்லூரி அலுவலகத்தில் சலுகைப் படிவம் கேளுங்கள். கல்லூரி அடையாள அட்டை, ஆதார் நகல், இரண்டு போட்டோ கையில் இருக்கட்டும். முத்திரை போட்ட படிவத்தை ஸ்டேஷன் கவுண்டரில் கொடுத்தால் வேலை முடிந்தது. செயலியில் எடுக்கலாமே என்பீர்கள். சலுகைச் சீசனுக்குக் கவுண்டர்தான் நல்லது. கேள்வி வந்தால் அங்கேயே கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

இதில் நான் தடுக்கி விழுந்த இடம் ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். படிவத்தில் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன், கல்லூரிக்குப் பக்கத்து ஸ்டேஷன் என்று இரண்டு கட்டம் இருக்கும். நான் யோசிக்காமல் ஊத்துக்குளி, பீளமேடு என்று எழுதினேன். வரைபடப்படி சரிதான். ஆனால் கோவை போகிற வழியில் ஸ்டேஷன்கள் இருகூர், சிங்காநல்லூர், பீளமேடு, வடகோவை, அப்புறம் ஜங்ஷன் என்ற வரிசையில் வரும். பாசஞ்சர் பீளமேட்டில் நிற்கும், எக்ஸ்பிரஸ்கள் பெரும்பாலும் நிற்காது. ஒருநாள் காலை பாசஞ்சரைத் தவறவிட்டேன். பஸ் ஏறித் திருப்பூர் போய் ஒரு எக்ஸ்பிரஸைப் பிடித்தேன். வண்டி பீளமேட்டைத் தாண்டி நேராக ஜங்ஷனில்தான் நின்றது. பீளமேட்டுக்கு அப்பால் என் சீசன் செல்லாது. பரிசோதகர் கேட்டபோதுதான் எனக்கே அது உறைத்தது. டிக்கெட் கட்டணமும் 250 ரூபாய் அபராதமும் கட்டினேன். அன்றைக்கு என் பையில் இருந்தது முதல் பந்தி வேலையில் வந்த காசு.

அடுத்த மாதம் அலுவலகத்தில் இருந்த அக்காவிடம், வகுப்பு நேரத்துக்குப் பொருந்தும் ரயில் ஜங்ஷனில்தான் நிற்கிறது என்று எடுத்துச் சொன்னேன். ஊத்துக்குளி – கோவை ஜங்ஷன் என்று மாற்றி எழுதித் தந்தார். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஜங்ஷன் வரை இருந்தால் நடுவில் பீளமேட்டிலும் இறங்கலாம், வடகோவையிலும் இறங்கலாம். அதனால் எந்த ஸ்டேஷன் கிட்டத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் நேரத்துக்கு வரும் ரயில்கள் எங்கே நிற்கின்றன என்பதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சூப்பர்ஃபாஸ்ட் ரயிலில் வெறும் சீசனோடு ஏறக்கூடாது, தனிக் கூடுதல் கட்டணம் உண்டு. முன்பதிவுப் பெட்டியில் இடம் காலியாக இருந்தாலும் ஏறாதீர்கள். சீசன் முடிவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். ஒன்றாம் தேதி வரிசையில் நிற்பதைவிட இருபத்தைந்தாம் தேதி போய் வாங்கிவிடுங்கள். மூன்று மாதச் சீசனுக்கு 2.7 மாதக் கட்டணம்தான். நடுவில் நீண்ட விடுமுறை வராத காலத்தில் மட்டும் அது லாபம்.

படி 2: ரயிலில் எதைப் படிப்பது

போக ஒன்றேகால் மணிநேரம், வர ஒன்றேகால் மணிநேரம். முதல் வருடம் தடிமனான காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு) புத்தகத்தைச் சுமந்துகொண்டு போனேன். திருப்பூரில் கூட்டம் ஏறியதும் புத்தகத்தைத் திறக்கக்கூட இடம் இருக்காது.

இப்போது கணக்குப் பாடங்களை ரயிலுக்குக் கொண்டுபோவதே இல்லை. காஸ்டிங், கார்ப்பரேட் அக்கவுண்டிங் எல்லாம் வீட்டில், பேனா பிடித்து. ரயிலுக்குத் தியரி மட்டும். அதற்குச் சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று, பக்கத்துக்கு ஒரு கேள்வி. நின்றுகொண்டே ஒரு கையால் புரட்டலாம்.

இன்னொன்று, என் குரலிலேயே பாடத்தைப் போனில் பதிவு செய்துகொள்வேன். கம்பெனிச் சட்டத்தை எனக்குப் புரிந்த தமிழில் எனக்கே சொல்லிக்கொள்வது போல, ஒரு பதிவு ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல். ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர் வருவதற்குள் மூன்று பதிவு கேட்டுவிடலாம். இதற்கு ஒயர் உள்ள இயர்போன்தான் என் தேர்வு. கூட்டத்தில் காதிலிருந்து விழுந்தாலும் தொலையாது, சார்ஜும் வேண்டாம்.

மாலை ரயிலில் நான் படிப்பதில்லை. தூங்கிவிடுவேன். அது வீணான நேரம் என்று நினைத்த காலத்தில்தான் என் மதிப்பெண் குறைவாக இருந்தது.

படி 3: தினசரி காலண்டரும் தேர்வு அட்டவணையும்

செமஸ்டர் தொடங்கியதும் ஒரு பெரிய தாளில் மாதங்களை எழுதுங்கள். தமிழ் மாதம் மேலே, ஆங்கில மாதம் கீழே. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் புரட்டி முகூர்த்த நாட்களைப் பச்சையில் வட்டமிடுங்கள். கல்லூரி தரும் அட்டவணையிலிருந்து இன்டர்னல் தேர்வு, அசைன்மென்ட் நாட்களைச் சிவப்பில். போன் காலண்டரிலும் இதைச் செய்யலாம். ஆனால் ஆறு மாதத்தை ஒரே பார்வையில் காட்டுவது தாள்தான். அம்மாவும் அதைப் பார்த்துத்தான் "இந்த வாரம் வேலைக்குப் போகாத கண்ணு" என்கிறார்.

தாளைப் பார்த்ததும் ஒன்று புரியும். ஆடியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் மார்கழியிலும் அப்படித்தான். ஆவணியிலும் தையிலும் மண்டபங்கள் நிரம்பி வழியும். ஆக ஆவணியில் சம்பாதித்து, புரட்டாசியில் படிக்க வேண்டும். இன்டர்னல் தேர்வுகள் ஆவணியிலேயே வந்து விழுவதுதான் சிக்கல். சிவப்பு வட்டத்துக்கு முந்தைய இரண்டு நாளில் வரும் பச்சை வட்டங்களைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். அன்றைக்கு யார் கூப்பிட்டாலும் போவதில்லை. வேலை கேட்டு அழைப்பு வருவதற்கு முன்பே அடித்துவிட வேண்டும். அழைப்பு வந்த பிறகு கை வராது.

வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும் என்பதையும் அதே தாளில் ஓரமாக எண்ணி வாருங்கள். வைகறை முகூர்த்தத்துக்குப் பரிமாறிவிட்டு முதல் பீரியடைத் தவறவிடுவது நான்கு முறை நடந்தால் எங்கே போய் நிற்கும் என்று அதில் தெரியும்.

படி 4: எந்த வேலை

எங்கள் பக்கம் மாணவர்களுக்கு எளிதில் கிடைப்பது இரண்டு. ஒன்று திருப்பூர் பனியன் கம்பெனி. பிசிறு வெட்டுவது, செக்கிங், மடித்து அடுக்குவது. காலை எட்டரைக்குப் போனால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். கூலி பெரும்பாலும் சனிக்கிழமை. கோடை விடுமுறைக்கு இது நல்லது, கல்லூரி நாட்களுக்கு ஒத்துவராது.

இன்னொன்று பந்தி. மாலை ரிசப்ஷன் ஒன்று, காலை முகூர்த்தம் ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம். கருப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை உங்களுடையது. வழுக்காத அடி உள்ள ஷூ வாங்குங்கள். சமையல்கட்டுத் தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.

வேலை கஷ்டமில்லை, ஆனால் முதல் நாள் பதறும். இலையின் நுனி உட்காருபவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். உப்பும் ஊறுகாயும் இடது மேல் ஓரம், இனிப்பு முதலில், சோறு இலையின் கீழ்ப்பாதியில். சாம்பார் வாளி இடக்கையில், கரண்டி வலக்கையில். "சோறு வைக்கட்டுங்களா?", "ரசமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே நகருங்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் அந்த 'ங்க'வைக் காது கொடுத்துக் கேட்பார்கள். அது இல்லாமல் "சோறு வேணுமா?" என்று நான் கேட்டதற்கு ஒரு அப்பிச்சி (தாத்தா) இலையை மூடாமலே எழுந்துவிட்டார். சமையல் மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. ஓரமாகக் கூப்பிட்டு, "பசியோட வந்தவங்களுக்குப் போடறோம் கண்ணு, பாத்துப் பேசு" என்றார். இன்றைக்கும் அவரிடம்தான் வேலை பார்க்கிறேன்.

வேலையைத் தேர்ந்தெடுப்பதில் என் ஒரே விதி: கூலியைக் கேட்பதற்கு முன், முடிந்து வீடு திரும்ப என்ன வண்டி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மண்டபத்தில் கூலி அதிகம் என்று போனேன். கடைசிப் பந்தி எழுந்து, பாத்திரம் எண்ணி முடித்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. மண்டபத்துப் பாயிலேயே படுத்தேன். விடிந்து பஸ் பிடித்து உக்கடம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறிக் கல்லூரி சேர்வதற்குள் இன்டர்னல் முடிந்துவிட்டது. அதிகம் கிடைத்த அந்தக் கூலிக்கு ஒரு பாடத்தின் உள்மதிப்பெண் போனது. அதன் பிறகு மாலை வேலை என்றால் திருப்பூர், ஊத்துக்குளி, பெருந்துறை வட்டாரம் மட்டும். கோவை மண்டபங்களுக்குக் காலை வேலை மட்டும்தான்.

படி 5: கூலிக் கணக்கு

வேலை முடிந்த அன்றே கையில் தருபவரிடம் போங்கள். "மொத்தமாக மாதக் கடைசியில்" என்ற ஒரு ஏஜென்ட்டிடம் எனக்கு மூன்று நாள் கூலி நின்றுபோனது. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் கேட்கவும் வழியில்லை. இப்போது ஒவ்வொரு வேலையும் முடிந்ததும், தேதி, மண்டபம், வந்த நேரம், போன நேரம், பேசிய தொகை ஆகியவற்றை வேலைக்குக் கூப்பிட்டவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். "சரிங்க தம்பி" என்று ஒரு வரி பதில் வந்தால் போதும், அதுவே ரசீது.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்கள் இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் மாதம் 1000 ரூபாய் என்ற திட்டம். எனக்கு முதல் மாதங்களில் வரவில்லை, காரணம் வங்கிக் கணக்கில் ஆதார் இணையாமல் இருந்தது. வங்கிக்கு ஒருமுறை போனதில் சரியானது.

பின்சேர்க்கை

இதைப் படித்த இருவர் சொன்னதைச் சேர்க்கிறேன்.

ஒருவர் திருப்பூரில் ஏறிய ரயில் கோவைக்குள் வராமலே போத்தனூரில் போய் நின்றதாம். உண்மைதான். கேரளா போகும் சில ரயில்கள் இருகூரில் பிரிந்து நேராகப் போத்தனூர் போய்விடும். ஏறும் முன் அது கோவை ஜங்ஷன் வழியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவருக்கு ஊர் கோபிசெட்டிபாளையம். கோபி, சத்தியமங்கலம், காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் ரயிலே இல்லை, என்ன செய்வது என்று கேட்டார். அரசுக் கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ. என்றால் இலவச பஸ் பாஸ் உண்டு. தனியார் கல்லூரிக்குப் பாதிக் கட்டணச் சலுகை, அதற்கும் கல்லூரி அலுவலகத்தில்தான் விண்ணப்பம். பாஸில் எழுதியிருக்கும் வழித்தடத்தில் மட்டுமே அது செல்லும். ஸ்டேஷன் பெயருக்கு நான் சொன்னதேதான் இதற்கும்: மாலையில் நீங்கள் வேலைக்கு இறங்கும் ஊர் அந்த வழித்தடத்தில் வருகிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பத்தை எழுதுங்கள்.