ஜப்பானில் சின்ன லைவ் ஹவுஸுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிய இண்டி, எலக்ட்ரானிக் இசையை நேரில் கேட்க வரும் நண்பர்களை டோக்கியோவின் ஷிமோகிடாசாவா, கோஎன்ஜி பக்கம் அழைத்துப் போவது எனக்கு வழக்கம். லைவ் ஹவுஸ் என்றால் நேரடி இசைக்கான சின்ன அரங்கு; பெரும்பாலும் தரைக்குக் கீழே, நூறு இருநூறு பேர் நின்றாலே நிறைந்துவிடுகிற இடங்கள். ஷிமோகிடாசாவாவில் 1991 முதல் இருக்கும் ஷெல்டர் அப்படி ஒன்று. கியோட்டோவில் மெட்ரோ என்ற பெயருள்ள அரங்குக்கு ரயில் நிலைய வாசல் படிக்கட்டிலிருந்தே போய்விடலாம். முதல் தடவை வருகிறவர்கள் ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். பாட்டு நடுவே பேசாதே என்றெல்லாம் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். இங்கே சொல்வது கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள்.

யாரைப் பார்க்க வந்தீர்கள் என்றால் "எல்லாரையும்" என்பது

ஒரே இரவில் நாலைந்து குழுக்கள் வாசிக்கும். வாசலில் காசு வாங்குகிறவர், "இன்றைக்கு யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்பார். அதை உபசாரப் பேச்சு என்று நினைத்து, "எல்லாரையும்தான்" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான்.

அந்தக் கேள்வி கணக்குக்காகக் கேட்பது. பல லைவ் ஹவுஸ்கள் மேடையேறும் குழுவுக்கு நொருமா என்று ஒரு டிக்கெட் இலக்கு வைக்கின்றன. 2,000 யென் டிக்கெட் 15 விற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழுவின் பெயரைச் சொல்லி 5 பேர்தான் வந்தார்கள் என்றால், மிச்சம் 10 டிக்கெட்டுக்கான 20,000 யென்னை வாசித்தவர்களே கட்ட வேண்டும். இலக்கைத் தாண்டி வருகிறவர்களின் காசில்தான் அவர்களுக்கு ஒரு பங்கு கிடைக்கும். பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, வாத்தியத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை.

கோஎன்ஜியில் ஒரு குளிர்கால இரவு. லேப்டாப்பும் ஒரு சின்ன சிந்தசைசரும் வைத்துத் தனியாக வாசிக்கும் ஒருவருக்காகவே என் நண்பர் ஒசாகாவிலிருந்து வந்திருந்தார். வாசலில் அவரும் "எல்லாரையும்" என்றார். மேஜையில் ஒரு தாள், அதில் வரிசையாகக் குழுக்களின் பெயர்கள். ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு எழுத்தாகும் ஜப்பானிய முறையில், பெயருக்குக் கீழே ஆள் கணக்கு. வாசலில் இருந்தவர் எந்தப் பெயருக்கும் போகாமல் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். நண்பர் தேடி வந்தவரின் பெயருக்குக் கீழே இரண்டே கோடுகள். நான் குறுக்கிட்டுப் பெயரைச் சொன்ன பிறகுதான் மூன்றாவது விழுந்தது. அவ்வளவு தூரம் ரயில் செலவு செய்து வந்துவிட்டு, அந்தக் கலைஞருக்குச் சேர வேண்டியதை வாசலிலேயே விட்டுவிடுவதா?

எல்லா இடத்திலும் இந்த முறை இல்லை. ஆனாலும் கேட்டால் ஒரு பெயரைச் சொல்லுங்கள். உச்சரிப்பு வராவிட்டால் போனில் காட்டுங்கள். அதைவிட நல்லது, முன்னாலேயே கலைஞருக்குச் செய்தி அனுப்பி டிக்கெட் எடுத்து வைக்கச் சொல்வது. தேதி, உங்கள் பெயர், எத்தனை பேர், இவ்வளவு எழுதினால் போதும். காசை வாசலில் கொடுக்கலாம், பெரும்பாலும் முன்பதிவு விலைக்கே கிடைக்கும். அப்புறம், சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள். முடியாவிட்டால் ஒரு வரி எழுதுங்கள்.

டிக்கெட் காசை மட்டும் எடுத்துப் போவது

பானத்துக்கு 600 யென் போலத் தனியாக வாங்குவார்கள். பல லைவ் ஹவுஸ்கள் உணவகமாகப் பதிவு செய்தவை என்பதால் குடிக்காதவரும் கொடுத்தாக வேண்டும். வெளியே போய்த் திரும்பினால் சில இடங்களில் மறுபடியும் கேட்பார்கள்.

நமக்கு வேண்டியவர் முடித்ததும் கிளம்புவது

அடுத்தவர் அரை மணி நேரம்தான் வாசிப்பார். நில்லுங்கள்.

25:00 என்பதைப் பிழை என்று நினைப்பது

வெள்ளி 25:00 என்றால் சனி அதிகாலை 1 மணி. இப்படி விடிய விடிய நடக்கும் எலக்ட்ரானிக் நிகழ்ச்சிகளில் 20 வயது ஆனதற்கு அத்தாட்சி கேட்பார்கள், பாஸ்போர்ட்டையே கொண்டுபோங்கள். கடைசி ரயில் நள்ளிரவையொட்டிப் போய்விடும், அடுத்தது காலை 5 மணிவாக்கில்தான்.

கேட்காமல் வீடியோ எடுப்பது

வேண்டாம்.

விற்பனை மேஜையைத் தாண்டிப் போவது

நிகழ்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் வாசித்தவரே மேஜைக்குப் பின்னால் நிற்பார். இணையத்தில் எங்கும் கிடைக்காத கேசட்டும், வீட்டிலேயே பதிந்து கையால் உறை மடித்த சிடியும் அங்கேதான் கிடைக்கும். தயங்காமல் பேசுங்கள், எந்தப் பாட்டு பிடித்தது என்று சொல்லுங்கள். 10,000 யென் நோட்டை நீட்டினால் சில்லறைக்கு அவர்தான் அலைய வேண்டியிருக்கும், 1,000 யென் நோட்டுகளாக மாற்றி எடுத்துப் போங்கள்.