தொட்டிச் செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி: ஆர்டுயினோவில் செய்யும் முறை

சில நாள் வெளியூர் போனால் தொட்டிச் செடிகள் என்ன ஆகுமோ என்று கவலைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிரல் எழுதி இயக்கும் சிறிய மின்னணுப் போர்டான ஆர்டுயினோவில் ஒரு எல்.இ.டி.யை மினுக்கத் தெரிந்திருந்தால் போதும். மென்பொருளை நிறுவுவது, போர்டைக் கணினியில் இணைப்பது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

வேண்டியவை: ஆர்டுயினோ ஊனோ, மண் ஈரப்பத சென்சார், 5 வோல்ட் ரிலே மாட்யூல் (போர்டு இயக்கும் சுவிட்ச்), தண்ணீர் வாளி, அதில் மூழ்கி ஓடும் 5 வோல்ட் சிறிய பம்ப், குழாய், 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்), சிவப்பு எல்.இ.டி., பம்புக்கென்று தனியாக ஒரு 5 வோல்ட் அடாப்டர், ஜம்பர் வயர்கள்.

சென்சார் வாங்கும்போது கெப்பாசிட்டிவ் வகையையே வாங்குங்கள். இரண்டு உலோகக் கால்கள் வெளியே தெரியும் மலிவு வகை வேண்டவே வேண்டாம். அதில் மின்சாரம் ஈர மண் வழியே பாய்வதால் மின்னாற்பகுப்பு நடந்து உலோகப் பூச்சு அரித்துப்போகும், அளவும் நம்ப முடியாததாகிவிடும். கெப்பாசிட்டிவ் சென்சாரில் செம்பு மண்ணைத் தொடுவதில்லை. ஆனால் அதன் மேல்பகுதியில் சிப் இருக்கிறது. கோடு போட்டிருக்கும் இடத்துக்கு மேல் மண்ணில் புதைக்காதீர்கள். சிப் உள்ள பகுதிக்கும் பலகையின் ஓரங்களுக்கும் நெயில் பாலிஷ் இரண்டு முறை பூசிவிட்டால் ஈரம் ஏறாது.

இணைப்பு எளிது. சென்சாருக்கு 5 வோல்ட்டும் கிரவுண்டும் கொடுத்து, அதன் அனலாக் வயரை ஏ0-வில் செருகுங்கள். ரிலேக்கும் அதேபோல 5 வோல்ட், கிரவுண்டு. அதன் சிக்னல் வயர் 7-ஆம் பின்னுக்கு. அடாப்டரின் பிளஸ், ரிலேயின் 'காம்' (பொது) முனைக்கு. 'என்ஓ' முனையிலிருந்து (ரிலே இயங்கும்போது மட்டும் இணையும் முனை) பம்பின் பிளஸுக்கு. பம்பின் மைனஸ் நேராக அடாப்டருக்கு. பம்பின் இரு வயர்களுக்கும் குறுக்கே டயோடை வையுங்கள், வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம். பம்பை ஊனோவின் 5 வோல்ட் பின்னில் மாட்டாதீர்கள். கிளம்பும் நொடியில் அது இழுக்கும் மின்சாரத்தில் போர்டு ரீசெட் ஆகும்.

பல ரிலே மாட்யூல்கள் சிக்னல் பின்னில் 'லோ' (0 வோல்ட்) கொடுத்தால்தான் இயங்கும். அதனால் செட்டப் பகுதியில் முதலில் பின்னை 'ஹை' (5 வோல்ட்) ஆக்கிவிட்டு, அப்புறம் அவுட்புட் என்று அறிவியுங்கள். வரிசை மாறினால், மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் பம்ப் ஒரு கணம் துடிக்கும்.

இப்போது அளவெடுப்பு. இதை அவசரப்படாமல் செய்யுங்கள். சென்சார் தரும் எண் 0 முதல் 1023 வரை உள்ள வெறும் எண், ஈரப்பதச் சதவீதம் அல்ல. மண் காயக் காய எண் கூடும், நனைந்தால் குறையும். வேறொருவரின் எண்கள் உங்கள் மண்ணுக்குப் பொருந்தாது. சென்சாரைத் தொட்டியிலேயே செருகி வையுங்கள். விரலை உள்ளே விட்டுப் பார்த்து, இனி தண்ணீர் வேண்டும் என்று தோன்றும்போது சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் சன்னல்) தெரியும் எண்ணைக் குறியுங்கள். பிறகு அடித்துளை வழியே கசியும்வரை தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குறியுங்கள். முதல் எண் 500, இரண்டாவது 340 என்று வைத்துக்கொள்வோம். 480-ஐத் தாண்டினால் தொடங்கு, 380-க்குக் கீழே வந்தால் நிறுத்து என்று இரண்டு எல்லைகள் வையுங்கள். ஒரே எல்லை வைத்தால் அந்த எண்ணைச் சுற்றியே ரிலே தட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் 380 வரும்வரை பம்பை விடாமல் ஓட்டக்கூடாது. ஊற்றிய தண்ணீர் சென்சார் இருக்கும் இடத்துக்குப் பரவ நேரம் ஆகும். அதற்குள் தொட்டி நிரம்பி வழிந்துவிடும். 3 வினாடி ஓட்டு, 10 நிமிடம் காத்திரு, மறுபடி அள, இன்னும் தேவைப்பட்டால் இன்னொரு 3 வினாடி. இப்படித்தான் நிரலை எழுத வேண்டும். காத்திருப்பை 600000 மில்லிவினாடி என்று நேராகவே எழுதுங்கள். 10 × 60 × 1000 என்று பெருக்கவிட்டால், ஊனோவில் 32767-ஐத் தாண்டும் 'இன்ட்' (முழு எண் வகை) கணக்கு தப்பான விடை தரும்.

6 தடவை விட்டும் எண் இறங்கவில்லையா? பம்பை நிறுத்தி, எச்சரிக்கையாகச் சிவப்பு எல்.இ.டி.யை எரியவிடும்படி நிரலில் எழுதுங்கள். சென்சார் மண்ணைவிட்டு வெளியே வந்துவிட்டால் காற்றை அளந்து 'காய்ந்திருக்கிறது' என்றுதான் சொல்லும்; வாளித் தண்ணீர் முழுவதும் தரைக்கு வரும்.

பிற்சேர்க்கை: இதைச் செய்தவர்களில் சிலர், பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் ஓடுகிறது என்றார்கள். வாளியின் நீர்மட்டம் குழாயின் முனையைவிட உயரத்தில் இருந்தால் சைஃபன் விளைவால் அப்படித்தான் ஓடும். வாளியைத் தொட்டிக்குக் கீழே வையுங்கள்.

வைஃபை வேண்டும் என்று, அது உள்ளேயே இருக்கும் இஎஸ்பி32 போர்டுக்கு மாறுபவர்கள் சென்சாரை 32 முதல் 39 வரையுள்ள பின்களில் மட்டும் இணையுங்கள். மற்ற அனலாக் பின்கள் வைஃபை இயங்கும்போது சரியாகப் படிக்காது. சென்சாருக்கும் 3.3 வோல்ட்டே கொடுங்கள். அதில் எண் 4095 வரை போகும் என்பதால் 480, 380 எல்லாம் செல்லாது. அளவெடுப்பை முதலிலிருந்து செய்ய வேண்டும்.