ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் உலகப் போரில் சண்டையிடும் ஜெர்மன் வீரர்களைப் பற்றிய எரிக் மரியா ரெமார்க்கின் இந்த நாவல் பாடமாக வந்தால் மாணவர்கள் முதலில் தேடுவது வரைபடத்தைத்தான். இது வெர்டன் சண்டையா, சோம் சண்டையா, தளபதி யார், வென்றது யார்? இந்தத் தேடலில் இறங்கினாலே நாவல் கைநழுவிவிடும். பெரிய சண்டைகளின் வரலாற்றை ரெமார்க் எழுதவில்லை. அவர் போரைக் காட்டும் இடங்கள் சாப்பாட்டு வரிசை, ஆஸ்பத்திரிக் கட்டில், ஒரு ஜோடி பூட்ஸ்.

முதல் அத்தியாயத்தையே பாருங்கள். போர்முனைக்குப் பின்னால் ஓய்வில் இருக்கும் படைப்பிரிவு சாப்பாட்டுக்கு நிற்கிறது. சமையல்காரர் 150 பேருக்கு பீன்ஸ் வேகவைத்திருக்கிறார். திரும்பி வந்தவர்களோ 80 பேர். எல்லோரும் வரட்டும் என்று அவர் அண்டாவைத் திறக்க மறுக்கிறார். வந்தது இவ்வளவு பேர்தான் என்று சொன்னதும் திகைத்துப்போகிறார். வீரர்களுக்கோ இரட்டைப் பங்கு கிடைத்த சந்தோஷம். இறந்தும் காயம்பட்டும் போன 70 பேர் மீந்துபோன சாப்பாடாகத்தான் கதைக்குள் வருகிறார்கள். இதை ‘அறிமுகக் காட்சி’ என்று ஒரு வரியில் தாண்டிப்போகிறவர்கள் நாவலின் சாவியைத் தொலைத்துவிடுகிறார்கள்.

பின்னணி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். 1914 சரயேவோ கொலையில் தொடங்கிக் கூட்டணிகளைப் பட்டியல் போட்டு இரண்டு பக்கம் நிரப்புவதில் பயனில்லை. பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையால் ஜெர்மனி பட்டினி கிடந்தது, 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு இல்லாமல் மக்கள் டர்னிப் கிழங்கைத் தின்றார்கள் என்று தெரிந்தால் போதும். விடுப்பில் வரும் கதைநாயகன் பால் பாய்மருக்கு வீட்டில் உருளைக்கிழங்கு அடை சுட்டுத் தருவதும், ரஷ்யக் கைதிகள் குப்பைத் தொட்டியைக் கிளறுவதும் அப்போதுதான் முழுதாகப் புரியும். இது முதல் உலகப் போர் என்பதை மறந்து ‘ஹிட்லரின் படை’ என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. நாஜிகள் வருவது பிறகு. 1933 மே 10 அன்று இந்தப் புத்தகத்தையும் தீயில் போட்டவர்கள் அவர்கள்.

பால் பாய்மர்தான் ரெமார்க் என்று வைத்துக்கொள்வது இன்னொரு தவறு. பால் தன் வகுப்புத் தோழர்களோடு தானே முன்வந்து சேர்கிறான்; பள்ளி ஆசிரியர் கான்டோரெக்கின் பேச்சு அவர்களை அனுப்பிவைக்கிறது. ரெமார்க் 1916 நவம்பரில் கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டவர். 1917 ஜூனில் மேற்கு முனைக்கு (பிரான்ஸ், பெல்ஜியம் பக்கப் போர்முனைக்கு) போய், ஜூலை 31 அன்று குண்டுச் சிதறலில் காயம்பட்டு டூயிஸ்பர்க் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். சில வாரங்களே முனையில் இருந்தவர், போர் முடிந்து பத்து ஆண்டுகள் கழித்து 1918 வரை முனையில் நிற்கும் ஒருவனை உருவாக்குகிறார். அனுபவத்தைத் தாண்டிய கலை வேலை அது. ‘சொந்தக் கதை’ என்று எழுதுவது அந்த உழைப்பையே மறுப்பதாகும்.

இனி பூட்ஸ். கால் வெட்டப்பட்டுச் சாகக் கிடக்கும் கெம்மெரிக்கின் நல்ல பூட்ஸைக் கேட்கிறான் முல்லர்; இருவரும் பாலின் வகுப்புத் தோழர்கள். ‘முல்லர் இரக்கமற்றவன், போர் மனிதனை மிருகமாக்குகிறது’ என்ற வாக்கியம் விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கெம்மெரிக்குக்கு அந்த பூட்ஸால் பயன் உண்டென்றால் முல்லர் முள்கம்பி மேல் வெறுங்காலோடு நடக்கவும் தயங்கமாட்டான் என்று பாலே சொல்கிறான். நல்ல பூட்ஸ் அங்கே அரிது. செத்துக்கொண்டிருப்பவனுக்கு அது உதவாது. முல்லரிடமிருந்து அது பாலுக்கு வருகிறது, அடுத்து யாருக்கு என்பதும் முன்பே பேசி வைக்கப்படுகிறது. இங்கே ‘மிருகம்’ என்ற சொல் எதையும் விளக்காது.

எல்லோரும் மேற்கோள் காட்டும் காட்சி ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது. குண்டுக்குழிக்குள் தன் மேல் விழுந்த பிரெஞ்சு வீரனைப் பால் கத்தியால் குத்துகிறான். அவன் உடனே சாகவில்லை. பால் காயத்துக்குக் கட்டுப்போடுகிறான், தண்ணீர் கொடுக்கிறான், அந்த இழுப்பு மூச்சை மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவன் இறந்தபின் பர்ஸைத் திறந்தால் மனைவி, சிறு மகள் படங்கள்; பெயர் ஜெரார் டுவால், அச்சகத் தொழிலாளி. அவன் குடும்பத்துக்கு எழுதுவேன், இந்த நிலைக்கு எதிராகப் போராடுவேன் என்று பால் வாக்குக் கொடுக்கிறான். பெரும்பாலான கட்டுரைகள் இங்கேயே நின்று ‘மனிதநேயம் வென்றது’ என்று முடித்துவிடும். இரண்டு பக்கம் கூடப் படியுங்கள். பொழுது சாய்வதற்குள் அந்த வாக்கு மங்கத் தொடங்குகிறது. உயிரோடு திரும்பும் ஆசை மேலே வருகிறது. நண்பர்களிடம் வந்து சேர்ந்தபின், சுட்டு வீழ்த்தியவர்களை எண்ணிக்கொண்டிருக்கும், மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் வீரன் ஒருவனை அவர்கள் காட்டுகிறார்கள். போர் என்றால் போர்தான் என்று பாலும் அடங்கிப்போகிறான். அந்த வாக்கைவிட அது கரைந்துபோன வேகம்தான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது. இந்த அத்தியாயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைத்தான் எழுத வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் பேசுவது யார் என்று பாருங்கள். அதுவரை ‘நான்’, ‘நாங்கள்’ என்று வந்த குரல் நின்று, வேறொரு குரல் 1918 அக்டோபரில் பாலின் சாவைச் சொல்கிறது. குறிப்பிடச் செய்தி ஏதுமில்லை என்று சொல்வது ராணுவ அறிக்கை. அதைப் பாலின் வார்த்தையாக மேற்கோள் காட்டாதீர்கள்.

படம் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. வண்ணத்துப்பூச்சியை நோக்கிக் கை நீட்டும்போது பால் சாவது 1930 படத்தில், நாவலில் இல்லை. 2022 படம் அவன் சாவைப் போர்நிறுத்த நாளான நவம்பர் 11-க்குத் தள்ளி, ரயில் பெட்டியில் நடந்த சமரசப் பேச்சையும் சேர்த்திருக்கிறது. ஆனால் பால் விடுப்பில் ஊருக்குப் போகும் பகுதியும் ஹிம்மல்ஸ்டாஸும் அதில் இல்லை. பயிற்சி முகாமில் வதைத்த அந்த ஹிம்மல்ஸ்டாஸ் முனைக்கு வந்தபின் பயந்து, பிறகு மாறி, நண்பர்களுக்குச் சர்க்கரையும் வெண்ணெயும் தருகிறவன். நாவலைப் படிக்காமல் அவனை வெறும் வில்லன் என்று எழுதினால் திருத்துகிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.