கடை வெப்சைட்டில் விலைப்பட்டியலைப் படமாகப் போடாதீர்கள்

என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கும் இரண்டு பேர் போன மாதம் ஒரு பாத்திரக் கடைக்கும் ஒரு பல் மருத்துவருக்கும் வெப்சைட் செய்து காட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தவறுகள், அதே இடங்களில். யாரும் சொல்லித் தராமலேயே ஆளுக்கு ஆள் ஒரே பள்ளத்தில் போய் விழுகிறோம் என்றால் பள்ளம் எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டாமா? பக்கம் திறந்ததும் பாட்டு ஓடுவது, எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவது எல்லாம் தவறு என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

எழுத்தைப் படமாகப் போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். காரணம் இருக்கிறது.

சென்னிமலையில் போர்வை, பெட்ஷீட் விற்கும் ஒரு கடைக்கு 2016-ல் 12,000 ரூபாய்க்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு விலை நோட்டீஸ் இருந்தது, டிடிபி சென்டரில் கோரல்டிராவில் அடித்தது. நாற்பது ரகம், நாற்பது விலை. அதை ஜேபெக் படமாக வாங்கி ஒரு பக்கத்தில் அப்படியே ஒட்டினேன். ஐந்து நிமிட வேலை. "நோட்டீஸ் மாதிரியே இருக்குதுங் தம்பி" என்று முதலாளியும் சந்தோஷப்பட்டார்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. அப்போது ஆயிரம் ரூபாய் வரைக்கும் உள்ள பெட்ஷீட்டுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 12. கடையில் பட்டியல் முழுவதையும் திருத்தினார்கள். வெப்சைட்டில் திருத்த முடியவில்லை, ஏனென்றால் அங்கே இருந்தது எழுத்து இல்லை, படம். மூல ஃபைலைக் கேட்டுப் போனால் டிடிபி சென்டரில் அந்தக் கம்ப்யூட்டரையே ஃபார்மேட் செய்துவிட்டிருந்தார்கள். புதிதாக அடித்து, பிழை திருத்தி, மறுபடி அடித்து என்று மூன்று வாரம் இழுத்தது. பழைய படத்தைத் தற்காலிகமாகவாவது எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த மூன்று வாரத்துக்குள் மைசூரில் ஒரு லாட்ஜிலிருந்து அந்தப் படத்தில் இருந்த விலையைப் பார்த்து 400 பெட்ஷீட்டுக்கு ஆர்டர் வந்துவிட்டது. ஒன்றுக்கு 35 ரூபாய் வித்தியாசம். விலை மாறிவிட்டது என்று அவர்களிடம் சொல்லிவிடலாமே என்றேன் முதலாளியிடம். "ஏனுங் தம்பி, நாம போட்ட விலைய நாமளே இல்லைன்னு சொன்னா நல்லா இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டு, பழைய விலைக்கே அனுப்பி வைத்தார். 14,000 ரூபாய். வெப்சைட்டுக்கு எனக்குக் கொடுத்ததைவிட அதிகம். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, நம் ஊரில் ஏன் இதை இவ்வளவு பேர் செய்கிறார்கள்? பாதி சோம்பல், மீதிப் பாதி தமிழ் ஃபான்ட். அச்சுத் தொழிலில் வானவில், ஸ்ரீலிபி, பாமினி என்று யூனிகோட் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் இருந்த முறைகளிலேயே கை பழகிவிட்டது. அதில் அடித்த வாசகத்தை வெப்சைட்டில் ஒட்டினால் தமிழே தெரியாது, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரும். யூனிகோடில் அடித்து போட்டோஷாப்பில் ஒட்டினாலோ, தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை அதில் மாற்றி வைத்திராவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பக்கமும் அடி வாங்கிய டிசைனர் கடைசியில் படமாகச் சேமித்துவிடுகிறார். எனக்கும் அப்படித்தான் பழக்கமானது. ஆனால் யூனிகோடில் தமிழ் 1991-லிருந்தே இருக்கிறது, தமிழ்நாடு அரசும் 2010-ல் அதை ஏற்றுக்கொண்டது, இன்றைக்கு மலிவான போனில்கூடத் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. இனியும் ஃபான்ட்டைச் சாக்குச் சொல்ல முடியாது.

விலை மாறும்போது வரும் நஷ்டமாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமல் போகிற நஷ்டம் நிறைய. ஏ4 நோட்டீஸைப் போன் திரைக்குச் சுருக்கினால் எழுத்து எறும்பு அளவுக்கு ஆகிவிடும், இரண்டு விரலால் விரித்து, இடமும் வலமும் தள்ளித் தள்ளித்தான் படிக்க வேண்டும். போன் நம்பர் படத்துக்குள் இருந்தால் தொட்டதும் அழைப்பு போகாது, சுலபமாகக் காப்பி செய்து யாருக்கும் அனுப்பவும் முடியாது, ஒரு தாளில் எழுதிக்கொண்டு டயல் செய்ய வேண்டும், அந்தச் சிரமத்தை எத்தனை பேர் படுவார்கள்? பெட்ஷீட் விலையைக் கூகிளில் தேடுகிறவருக்கு அந்த நாற்பது ரகத்தில் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம், பக்கத்தில் அந்த வார்த்தைகள் எழுத்தாக இல்லாதபோது தேடல் எதைப் பிடித்துக்கொள்ளும்? மைசூர்க்காரர் பக்கத்தைக் கன்னடத்தில் மொழிபெயர்த்துப் பார்க்க நினைத்தால் குரோம் மற்ற எழுத்தையெல்லாம் மாற்றிவிட்டுப் படத்தை அப்படியே விட்டுவிடும். பார்வையில்லாதவர்கள் போனில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துக் கேட்பார்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று வாசகம் எழுதாத படத்துக்கு வந்தால் அது பெரும்பாலும் வெறுமனே படம் என்றோ, ஃபைல் பெயரையோதான் சொல்லும். அவர்களும் போர்வை வாங்குகிறவர்கள்தானே.

சோதிப்பது சுலபம். ஆண்ட்ராய்டு போனில் பக்கத்தைத் திறந்து விலையின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். எழுத்து தேர்வானால் சரி. படத்தைச் சேமிக்கவா என்று கேட்டால் தவறு.

திருத்துவதும் பெரிய வேலை இல்லை. பழைய ஃபான்ட்டில் அடித்த வாசகம் இருந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு யூனிகோடாக மாற்றலாம். மாற்றியதை அப்படியே நம்ப வேண்டாம், ஒரு தடவை கண்ணால் படியுங்கள். முக்கியமாக ஔகாரத்தைப் பாருங்கள்: ஒற்றைக் கொம்பும் ளகரமும் தனித்தனியாகச் சேர்ந்து நின்றால் கண்ணுக்குக் கௌரி போலவே இருக்கும், ஆனால் தேடலுக்கு அது வேறு சொல். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரமும் இப்படித்தான் வந்து உட்காரும். அப்புறம் விலையைச் சாதாரண டேபிளாகப் போடுங்கள், ரகம், அளவு, விலை என்று மூன்று பத்தி போதும், கீழே எந்தத் தேதி விலை என்று ஒரு வரி. கடைக்காரரே போனிலிருந்து திருத்தும்படி செய்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு விலையை அவர் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள். சென்னிமலைக் கடைக்கு இப்போது அப்படித்தான் ஓடுகிறது. படம் வேண்டியது பெட்ஷீட்டின் நிறத்தையும் நெசவையும் காட்டுவதற்கு.

ஆங்கில வாசகத்தை வைத்து டிசைனைச் சோதிப்பது

டெம்ப்ளேட்டில் வரும் ஆங்கில வரிகளோடு எல்லாம் கச்சிதமாக இருக்கும். தமிழை ஒட்டியதும் உடையும். 'கான்டாக்ட்' என்று ஏழு ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த பட்டனில் 'தொடர்புகொள்ளுங்கள்' எப்படி உட்காரும்? வரி இடைவெளியையும் ஆங்கிலத்துக்குப் போதும் என்று எழுத்தின் அளவைப்போல் 1.2 மடங்கில் விட்டுவிடுகிறார்கள், தமிழில் மேலே புள்ளியும், கி, கீ என்று வளைவுகளும், கீழே று, ஞு என்று வால்களும் இருக்கின்றன, ஒரு வரியின் வால் அடுத்த வரியின் புள்ளியை இடிக்கும். நான் 1.6-க்குக் குறைய வைப்பதில்லை. எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டும் நாகரிகமும் தமிழுக்கு ஆகாது, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கலாம். முதல் நாளிலேயே கடைக்காரரிடமிருந்து உண்மையான வாசகத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதல் பக்கத்தில் சிலைடர்

படங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மாறி ஓடும் சிலைடர் வேண்டாம். ஒரே படம், அதில் கடையின் முகப்பு.

படத்தின் மேல் வெள்ளை எழுத்து

பட்டுப்புடவை படத்தின் மேல் வெள்ளையில் எழுதினால் ஜரிகை வரும் இடத்தில் எழுத்து காணாமல் போகும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும் என்று உலக அளவில் ஒரு விதி இருக்கிறது, கணக்குப் போட்டுக் காட்டும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வெயிலில் வெளியே நின்றுகொண்டு போனில் படித்துப் பாருங்கள். ஆபீஸ் மானிட்டரில் பளிச்சென்று தெரிந்த சாம்பல் எழுத்து தெருவில் தெரியாது.

கோட்டு போட்ட வெளிநாட்டுக்காரர்கள் கைகுலுக்கும் படம்

எடுத்துவிடுங்கள். கடையில் நிற்பவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு அவர்களையே எடுத்துப் போடுங்கள்.

முகவரியில் அடையாளம் இல்லாமல் விடுவது

கதவு எண்ணும் பின்கோடும் தபால்காரருக்கு. வருகிற வாடிக்கையாளருக்கு எந்தக் கோயில் எதிரே, எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும், வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதுதான் தேவை. மதியம் கடை சாத்துவீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். வெளியூரிலிருந்து வந்து பூட்டிய கடை முன்னால் நிற்பவர் மறுபடி வர மாட்டார்.

தொடர்புக்கு வெறும் ஃபார்ம்

போன் நம்பரும் வாட்ஸ்அப்பும் மேலேயே தெரிய வேண்டும். ஃபார்ம் கட்டாயம் வேண்டும் என்றால் நீங்களே அதில் ஏதாவது எழுதி அனுப்பிவிட்டு, மறுநாள் கடைக்காரருக்குப் போன் செய்து வந்ததா என்று கேளுங்கள்.